மொட்டைச்செய்க்கு வெட்டிய மடை

முத்துக்கருப்பன் வீட்டுச் சுவரில் ஒரு விரிசல் விழ வேண்டும். பெரிதாக வேண்டாம், மயிரிழை அளவுக்கு விழுந்தால் போதும். ஆறேழு வருசமாகக் கருத்தையா மனசுக்குள் கேட்டு வந்தது இது ஒன்றுதான். கோயிலில் போய்க் கேட்க வாய் கூசியது. அதனால் காலையில் வேப்பங்குச்சியை ஒடித்து வாயில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்து நிற்பார். பல் தேய்க்கிற சாக்கில் வேலிக்கு மேலே தெரிகிற அந்தச் சுவரை ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் கண்ணாலேயே தடவுவார். அவருக்கு அதுதான் பூசை, அதுதான் வேண்டுதல். சுவரோ நேற்றுப் பூசினது மாதிரி நிற்கும். குச்சியைக் கடித்துத் துப்பிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கூலிக்குக் கிளம்புவார்.

முத்துக்கருப்பன் வேற்று ஆள் இல்லை. கருத்தையாவின் கூடப்பிறந்த தங்கச்சி அன்னக்கிளியைக் கட்டியவன். அந்தச் சுவருக்குள்ளே விளக்கேற்றுகிறவள் தன் தங்கச்சிதான் என்பது கருத்தையாவுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் மனசு கேட்கவில்லை. அதுதான் அவரைப் பிடித்த பீடை.

இப்போது நகர் என்று பலகை நட்டிருக்கிற அந்த இடம் முழுவதும் ஒரு காலத்தில் கொத்தமங்கலம் ஏகப்பன் செட்டியாருடைய நிலம். செக்காலையைத் தாண்டி, கண்மாய்க்குக் கீழே கிடந்தது. கருத்தையாவும் முத்துக்கருப்பனும் அதை விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு உழுதார்கள். அறுபத்து மூன்றாம் வருசம் செட்டியார் நிலத்தை மனை பிரிக்கப் போவதாகச் சொன்னார். இத்தனை வருசம் உழுதவர்களை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனசில்லை. ஆளுக்கு ஐந்து சென்ட் எடுத்துக்கொள்ளச் சொல்லி, மூத்தவன் என்பதால் கருத்தையாவை முதலில் கேட்கச் சொன்னார்.

கருத்தையா அன்றைக்கு நடந்துகொண்டதை அக்கம்பக்கத்தில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். நிலம் முழுவதையும் சுற்றி வந்தார். அங்கங்கே குனிந்து மண்ணை அள்ளி, எச்சில் விட்டுப் பிசைந்து, உருட்டி, மோந்து பார்த்தார். கடைசியில் கிழக்கே தாழ்வாகக் கிடந்த பள்ளச்செய் என்கிற வயலில் போய் நின்று, இது எனக்கு என்றார். அந்த நிலத்திலேயே உயர்ந்த மண் அது. கண்மாயிலிருந்து வருகிற வாய்க்கால் கொண்டுவந்து கொட்டுகிற வண்டல் எல்லாம் அங்கேதான் படியும். கறுகறுவென்று களிமண். கையில் பிடித்தால் வெண்ணெய். வயலைத் தேர்ந்தெடுக்கிற கண்ணால் வீட்டுமனையைத் தேர்ந்தெடுத்துவிட்டார். வேறு கண் அவருக்குக் கிடையாது, வேறு கண் ஒன்று வேண்டும் என்று சொல்லவும் ஆள் இல்லை.

பாக்கி இருந்தது அதை ஒட்டி மேற்கே மேடாகக் கிடந்த மொட்டைச்செய். பேருக்குத்தான் செய். மண்வெட்டி போட்டால் நங்கென்று திருப்பி அடிக்கும் சரளையும் செம்புறாங்கல்லும். கொள்ளு விதைத்தால் விதைத்த கொள்ளுகூடத் திரும்பி வராது. வாய்க்கால் அதன் ஓரமாகவே போனாலும், கல்லுக்குத் தண்ணீர் எதற்கு என்று ஒரு நாளும் அங்கே மடை திறந்ததில்லை. முத்துக்கருப்பன் தேர்ந்தெடுக்கவில்லை. கருத்தையா வேண்டாமென்று விட்டது அவனுக்கு வந்தது. அன்றைக்குக் கருத்தையா தங்கச்சியை நினைத்து வருத்தப்படக்கூடச் செய்தார். ராத்திரிச் சோற்றில் உட்கார்ந்து, பாவம் அன்னக்கிளி, ஒரு கறிவேப்பிலைக் கன்றுக்குக்கூட வழியில்லாமல் போச்சே என்று மனைவி அழகியிடம் சொன்னார்.

மறு வருசம் இரண்டு பேரும் வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள். முத்துக்கருப்பன் முழங்கால் ஆழம் தோண்டியதும் பாறை தட்டியது. அதற்கு மேல் தோண்ட வேலையே இல்லை. தோண்டி எடுத்த செம்புறாங்கல்லையே செதுக்கிச் சுவருக்கு வைத்துக்கொண்டான். கருத்தையா மார்பு ஆழம் தோண்டியும் வெண்ணெய்தான் வந்தது. கொத்தனார் மலையாண்டி குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இது நாத்து நடுற எடம்ணே. வீட்ட நட்டா வேரு விடாது."

மழையில் இந்த மண் உப்பும், வெயிலில் சுருங்கும், சுவரைப் பிடித்து இழுக்கும் என்று அவர் விளக்கமாகச் சொன்னதைக் கருத்தையா காதில் வாங்கவில்லை. பொன் விளைந்த மண்ணைக் குறை சொல்கிற வாய் என்று அவருக்குக் கோபம்தான் வந்தது.

முதல் சித்திரையிலேயே வடக்குச் சுவர் பிளந்தது. சுண்ணாம்பைக் குழைத்து அடைத்தார். அடுத்த சித்திரையில் அடைத்ததையும் சேர்த்துப் பிளந்தது. சிமெண்டு வைத்தார். சிமெண்டு ஒட்டாமல் பல்லுப் போலத் தனியாக நின்றது. நாலாம் வருசம் அழகி அந்த விரிசலில் சீப்பைச் செருகி வைக்கப் பழகிவிட்டாள். அப்புறம் கதிர் அரிவாளும் அங்கேயே குடியேறியது.

கண்டனூரிலும் கொத்தமங்கலத்திலும் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிற செட்டியார் வீடுகளுக்குக் கருத்தையா கூலி வேலைக்குப் போயிருக்கிறார். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் திறக்கிற அந்தக் கதவுகளைப் பார்த்து ஒரு நாளும் அவருக்குப் பொறாமை வந்ததில்லை. அது வேறு கணக்கு. தான் காலால் தள்ளிவிட்ட சரளையில், தன் கண் முன்னாலேயே எழும்பி நிற்கிற நாலு சுவர்தான் அவரைத் தின்றது. முத்துக்கருப்பன் கெட்டிக்காரன் என்றால்கூட ஆறுதல். அவன் ஒன்றும் செய்யவில்லையே, தான் மிச்சம் வைத்ததை வாங்கிக்கொண்டான், அவ்வளவுதானே என்று நினைக்க நினைக்க ஆறாது.

மச்சானும் மாப்பிள்ளையும் கேலி பேசிக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. முத்துக்கருப்பன் அந்த உரிமையை நன்றாகவே அனுபவித்தான்.

"மச்சான் வீட்டுக்கு ரேடியோ வேணாம். ரோட்டுல போறவன் பேசுறதெல்லாம் சுவத்து வழியாவே கேட்டுரும்" என்பான், நாலு பேர் இருக்கிற டீக்கடையில்.

கருத்தையாவும் சும்மா விடமாட்டார். "ஒன் வீட்டுல ஒரு அருகம்புல்லு முளைச்சா சொல்லிவிடு மாப்பிளை. மாலை மரியாதையோட வந்து பாக்குறேன்" என்பார். அந்தப் பதில் ஒன்றுதான் அவர் கையில் இருந்த ஆயுதம். வீடு பிளந்தாலும் பள்ளச்செய்க் கொல்லை மாதிரி அந்த நகரில் ஒரு கொல்லை கிடையாது. மழைக்காலத்தில் வாய்க்கால் கொண்டுவந்து போடுகிற வண்டலில் அவரையும் கத்தரியும் காய்த்துத் தள்ளும். தண்டுக்கீரை ஆள் உயரம் நிற்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் அன்னக்கிளி ஓலைக்கொட்டானை எடுத்துக்கொண்டு வேலியோரம் வந்து, "அண்ணே, ரெண்டு கத்தரிக்கா" என்று நிற்பாள். அந்த ஓலைக்கொட்டான் காலியாக வந்து நிறைந்து போவதைப் பார்க்கும்போது மட்டும் கருத்தையா கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

எழுபத்தொன்றாம் வருசம் புரட்டாசியில் முத்துக்கருப்பன் மாடியில் ஒரு அறை போட்டான். நகரில் முதல் மாடி அதுதான். அதற்குப் பிறகு தபால்காரர் வழி சொல்வதுகூட மாடி வீட்டை வைத்தே என்று ஆனது. மாடி வீட்டுக்கு அங்குட்டு, மாடி வீட்டுக்கு இங்குட்டு. கருத்தையா வீடு அங்குட்டில் ஒன்றாகப் போனது. எழுபது வயசு ஆச்சி ஒருத்தி ரிக்‌ஷாவில் வந்து இறங்கி, மாடி வீட்டுக்குப் பக்கத்து வீடு எதுப்பா என்று கருத்தையாவிடமே கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டார்.

ஐப்பசி பிறந்து மேகம் கூடியது. வடக்குச் சுவர் வெளிப்பக்கமாக ஒரு விரல் சாய்ந்திருந்தது. அழகி இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே நடமாடினாள். மூன்றாம் நாள் கஞ்சி ஊற்றும்போது மெதுவாகச் சொன்னாள்.

"மழை நிக்கிற வரைக்கும் அன்னக்கிளி வீட்டுல போயிப் படுத்துக்கிருவோமா? அவதான் கூப்புடுறா. மாடி ரூமு சும்மாத்தான கெடக்கு."

கருத்தையா கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அந்த மாடி அறையில் பாய் விரித்துப் படுத்து, சன்னல் வழியாகத் தன் வீட்டைத் தானே மேலேயிருந்து பார்க்கிற மாதிரி ஒரு நினைப்பு வந்தது. சுவர் தலையில் விழுந்தாலும் சரி, அங்கே போய்ப் படுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டார். அதோடு இன்னொரு முடிவும் செய்தார்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானத்தில் மழை பிடித்துக்கொண்டது. எதிரே நிற்கிற ஆள் தெரியாத மழை. நகரில் கதவுகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. கருத்தையா கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கினார். வாய்க்கால் முத்துக்கருப்பன் மனைக்குப் பின்னால், இரண்டு பக்கமும் கரை கட்டின மாதிரி உயரமாக வந்து, பிறகுதான் பள்ளச்செய்க்கு இறங்கும். சிவப்பும் கறுப்புமாகக் குழம்பி, சருகும் சாணியும் சுமந்துகொண்டு தண்ணீர் சுழித்துப் போனது. அதில் எங்கே வெட்டினால் எவ்வளவு பாயும் என்பது அவருக்கு அத்துப்படி. இருபது வருசம் அந்தத் தண்ணீரைத் திருப்பினவர் அவர்தானே. மேற்குக் கரையில் நாலே வெட்டு. தண்ணீர் ஒரு கணம் யோசித்தது போல நின்று, பிறகு மொத்தமாகத் திரும்பி மொட்டைச்செய்க்குள் விழுந்து முத்துக்கருப்பன் சுவரின் காலை நக்கியது.

இறங்கட்டும், ஒரு மாசம் அடியில் நிற்கட்டும், கல்லானாலும் ஒரு நாள் அசையாதா என்று நினைத்துக்கொண்டு நின்றார். நின்ற நேரத்தில் கையும் காலும் சும்மா இருக்கவில்லை. மடை வாய் கரைந்து அகலாமல் இருக்க, புல்லோடு பெயர்த்த மண்கட்டிகளை இரண்டு பக்கமும் வைத்து, குதிகாலால் மிதித்து அமுக்கின. வெட்டின மடைக்குப் புல்கட்டி வைக்காமல் அவர் ஒரு நாளும் கரையை விட்டு ஏறியதில்லை. இப்போதும் வைத்தோம் என்கிற நினைவுகூட அவருக்கு இல்லை.

கரை தானாக உடைந்துவிட்டது என்று ஊரில் பேச்சு. முத்துக்கருப்பன் அடைப்பான், அப்போது இன்னொரு தரம் வெட்ட வேண்டியிருக்கும் என்று கருத்தையா எதிர்பார்த்தார். அவன் அடைக்கவில்லை. டீக்கடையில் யாரோ கேட்டதற்கு, போகட்டும், தாகமெடுத்த கல்லு, குடிச்சிட்டுப் போகட்டும் என்று சொன்னானாம். ஐப்பசி முழுவதும், கார்த்திகை முழுவதும் தண்ணீர் அங்கேயே பாய்ந்தது. மழையில் வடக்குச் சுவர் எப்படியோ தாங்கி நின்றதால் அழகியும் மாடிப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

மார்கழியில் கருத்தையா பல் தேய்க்கிற நேரம் நீண்டுகொண்டே போனது. வேலிக்கு மேலே தெரிகிற சுவர் அப்படியே நின்றது. அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க முத்துக்கருப்பன் புதிதாகக் கட்டின ஓலை வேலி மறைத்தது. ஒன்று மட்டும் கவனித்தார். அன்னக்கிளி ஓலைக்கொட்டானோடு வருவதை நிறுத்திவிட்டாள். விசயம் தெரிந்து கோபித்துக்கொண்டாளோ என்று ஒரு பயம் உள்ளே ஓடியது. ஆனால் தெருவில் பார்த்தால் எப்போதும் போல, சாப்டீகளாண்ணே என்று கேட்டுவிட்டுத்தான் போனாள். அவள் வந்தாலும் கொடுக்க ஒன்றும் இல்லைதான். வண்டல் வராத கொல்லையில் அவரைப் பூ உதிர்ந்தது. கீரை முழங்காலுக்கு மேலே எழும்பவில்லை.

தை பிறந்ததும் கருத்தையா கதிர் அறுப்புக்காகக் கூட்டத்தோடு தேவகோட்டைப் பக்கம் போனார். இருபத்தைந்து நாள் கழித்து, விடிகாலை முதல் பஸ்ஸில் திரும்பி வந்து இறங்கினார். ரோட்டிலிருந்து நகருக்குள் திரும்பும்போதே கண் வழக்கப்படி மாடி வீட்டுக்குப் போனது. போன இடத்தில் நின்றது.

சுவரில் ஒரு கோடு.

பனி இன்னும் விலகவில்லை. ஆனாலும் தெளிவாகத் தெரிந்தது. வேலிக்கு மேலேயிருந்து கிளம்பி, சாய்வாக, அங்கங்கே கிளை பிரிந்து, மாடி அறை வரைக்கும் கன்னங்கரேலென்று ஏறியிருந்தது. அவர் கேட்டது மயிரிழை. வந்திருப்பது பனங்கயிறு கனம். கருத்தையாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இருபத்தைந்து நாள் குனிந்து அறுத்த இடுப்பு வலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அழகி வடக்குச் சுவரைக் காட்டினாள். எப்போதும் சித்திரையில் வாயைத் திறக்கிற விரிசல் இந்த வருசம் தையிலேயே திறந்துகொண்டது. வாய்க்கால் தண்ணீர் வராமல் ஈரம் சரியாகக் குடிக்காத களிமண் சீக்கிரமே சுருங்கிவிட்டது.

"சீப்பு நிக்க மாட்டேங்குது. சொருகுனா அங்குட்டு விழுந்துருது. ரெண்டு தரம் ரோட்டுல போயி எடுத்தாந்தேன்" என்றாள் அழகி.

"விழுகட்டும் விடு" என்றார் கருத்தையா சிரித்தபடி. அழகி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

முகம் கழுவி, வேட்டி மாற்றி, துக்கம் கேட்கப் போகிற முகத்தைத் தயார் செய்துகொண்டார். என்ன மாப்பிளை, நல்ல சுவராச்சே, இப்படிக் கோடு விட்டுருச்சே என்று தொடங்க வேண்டும். மலையாண்டியைக் கூட்டி வரட்டுமா என்று கேட்க வேண்டும். சொல்லிப் பார்த்துக்கொண்டே போய் வேலிப் படலைத் தள்ளினார்.

முத்துக்கருப்பன் கல்லில் உட்கார்ந்து அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தவன் கருத்தையாவின் கைகளைப் பார்த்தான்.

"வாங்க மச்சான். மாலை எங்க?"

கருத்தையாவுக்கு விளங்கவில்லை.

"அருகம்புல்லு முளைச்சா மாலையோட வாரேன்னீகள்ல?"

அப்போதுதான் கருத்தையா தரையைப் பார்த்தார். சரளையைக் காணோம். சுவரோரம் முழுவதும் கணுக்கால் ஆழத்துக்குக் கறுப்பு வண்டல் படிந்து, பாத்தி பிரித்திருந்தது. கத்தரி, வெண்டை, தண்டுக்கீரை. சுவரடியில் ஊன்றின சுரைக்கொடி ஒன்று, சாய்வாகக் கட்டின கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கிளை விட்டு, மாடி வரைக்கும் ஏறியிருந்தது. ரோட்டிலிருந்து பார்த்த கோடு அதுதான். கிட்டத்தில் அதில் இலை இருந்தது, பூ இருந்தது, பிஞ்சு தொங்கியது. பின்னால் சுவர் வழுவழுவென்று இருந்தது.

அன்னக்கிளி பாத்திக்குள்ளிருந்து எழுந்து, சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தயாராக வைத்திருந்த வார்த்தைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கருத்தையா, கரை ஒடஞ்சு நல்லதாப் போச்சு என்று எதையோ முனகினார்.

"தானா ஒடஞ்ச கரையாண்ணே அது?" என்றாள் அன்னக்கிளி. "நான் அன்னிக்கே போயிப் பாத்தேன். ரெண்டு பக்கமும் புல்லுக்கட்டி வச்சு மிதிச்சிருக்கு. இந்தப் பக்கத்துல மடை வாய்க்குப் புல்லுக்கட்டி வைக்கிறவுக வேற யாரு இருக்காக? பத்து வயசுல இருந்து வயலுக்கு ஒங்களுக்குக் கஞ்சி சொமந்தவ நானு. எனக்குத் தெரியாதா?"

கருத்தையாவுக்கு எங்கேயாவது உட்கார்ந்தால் தேவலை என்று இருந்தது. ஆனால் அன்னக்கிளியின் கண் கலங்கியிருந்தது, கோபத்தில் இல்லை.

"ஒங்க கொல்லைக்குப் போற வண்டல எனக்குத் திருப்பி விட்டிருக்கீக. நேருல குடுத்தா சொல்லிக்காட்டுன மாதிரி ஆயிரும்னு மழையில ஆளு இல்லாத நேரம் பாத்து வெட்டிட்டுப் போயிருக்கீக. அப்பன் இருந்தாக்கூட எனக்கு இப்படி ஒரு சீரு செஞ்சிருக்க மாட்டாரு. இவுக அடைக்கப் போனாக. நான்தான் எங்கண்ணன் செஞ்சதுல கை வைக்காதீகன்னு தடுத்துட்டேன்."

முத்துக்கருப்பன் அரிவாளின் கூர்மையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டி சொன்னதை அவன் நம்பினானோ என்னவோ, கருத்தையாவைப் பார்த்த கண்ணில் சிரிப்பு நின்றது. அவனும் அந்த வாய்க்காலில் தண்ணீர் திருப்பினவன்தான்.

"சீருன்னா ஒரு வருசத்தோட விட்டுறக் கூடாதே மச்சான்" என்றான். "வருசா வருசம் செய்யணும்ல?"

செய்யாமல் எப்படி என்று கருத்தையாவின் வாய் சொன்னது. வேறு என்ன சொல்ல முடியும்?

அன்னக்கிளி ஓலைக்கொட்டானை எடுத்து, கத்தரிக்காயும் ஒரு சுரைக்காயும் நிறைய வைத்து அவர் கையில் கொடுத்தாள். அண்ணிக்குக் கொடுங்க, அங்க காய்ப்பு இல்லைன்னு சொன்னாக என்றாள். அதே பழைய ஓலைக்கொட்டான்தான். இத்தனை வருசம் காலியாக வந்து நிறைந்து போனது, இப்போது நிறைந்து வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டு வாசல் வரைக்கும் நடந்த முப்பது அடி, இருபத்தைந்து நாள் அறுத்த கதிரைவிடக் கனமாக இருந்தது.

அந்தக் கோடையில் முத்துக்கருப்பன் தன் மனையில் மிச்சம் கிடந்த செம்புறாங்கல்லை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினான். மலையாண்டி வடக்குச் சுவருக்கு முட்டுச் சுவர் எழுப்பினார். அழகி சீப்புக்கு ஆணி அடித்துக்கொண்டாள். இப்போது பள்ளச்செய் வீடு மொட்டைச்செய்க் கல்லில் சாய்ந்துகொண்டு நிற்கிறது. அந்த முட்டுச் சுவரிலும் ஒரு கோடு விழவில்லை. அதையும் கருத்தையா தினமும் பார்க்கத்தான் செய்தார்.

மறு ஐப்பசியில் மழை பிடித்தது. கோடையில் அடைபட்டுப் போயிருந்த மடையை அப்படியே விட்டால் வண்டல் மறுபடி தன் கொல்லைக்கு வந்துவிடும் என்று கருத்தையா வீட்டுக்குள் உட்கார்ந்து காத்திருந்தார். யாராவது கேட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். வேலிக்கு அப்பாலிருந்து அன்னக்கிளியின் குரல் வந்தது.

"அண்ணே, தண்ணி வந்துருச்சு. மடையத் தொறக்க வரலையா?"

அழகி சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு போய் இறங்கினார். அதே இடம், நாலே வெட்டு. பாதியை மட்டும் திருப்புவோம் என்று நினைத்த கை, அன்னக்கிளி கரையில் குடை பிடித்து நிற்பதைப் பார்த்ததும் முழுவதையும் திருப்பிவிட்டது. தண்ணீர் மொட்டைச்செய்க்குள் இறங்கிப் போனது. இந்தத் தரம் புல்கட்டி வைக்கக் கூடாது, உடைத்துக்கொண்டு போகட்டும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே பெயர்த்து, வைத்து, குதிகாலால் மிதித்தார்.

பிறகு நிமிர்ந்து பழக்கப்படி சுவரைப் பார்த்தார். புதுக்கொடி இரண்டு கை பரப்பி ஏறி, அடியிலிருந்து மாடி வரைக்கும் இலையால் மூடியிருந்தது. மழையில் இலைகள் அடித்துக்கொண்டன. இனி அந்தச் சுவரில் விரிசல் விழுந்தாலும் அவருக்குத் தெரியப் போவதில்லை.